தொண்டைமானாற்றுத் திலாப்பியாவின் பூ (செவுள்) இழையத்தை மைக்ரோவேவ் கொண்டு இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குத் தயார்படுத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்தில் விலங்கியலில் முதுகலை ஆய்வு செய்த ஒரு மாணவியின் வேலையிலிருந்து இந்த நிகழ்வு வருகிறது. தொண்டைமானாற்று ஏரியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நீர் நன்றாக ஐதாகிவிடும். ஆனி, ஆடியில் வற்ற வற்ற உவர்ப்பு ஏறும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா இந்த இரண்டையும் தாங்கிக்கொண்டு அங்கே வாழ்கிறது. எப்படித் தாங்குகிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி அதன் பூவில், அதாவது செவுளில் இருக்கிறது. பூவின் தகடுகள் கிளம்பும் அடிப்பகுதியில் குளோரைட்டுக் கலங்கள் என்று ஒரு வகைக் கலங்கள் உண்டு. உவர்நீரில் வாழும் மீனில் இவை உப்பை வெளியே தள்ளுகின்றன. அந்த வேலைக்குச் சக்தி வேண்டும் என்பதால் கலம் முழுக்க இழைமணிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். வெயில் காலத்துக்கும் மழைக்குப் பிந்திய காலத்துக்கும் இடையில் இந்தக் கலங்களின் உள்ளமைப்பு எப்படி மாறுகிறது என்பதுதான் மாணவியின் கேள்வி.

ஒளி நுணுக்குக்காட்டியில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. இழைமணிக்குள் இருக்கும் மடிப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் இழையத்தை ரெசினில் புதைத்து, 70 நானோமீற்றர் அளவுக்கு மெல்லிய சீவல்களாக வெட்டி, ஊடுகடத்தும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும். அந்தக் கருவி குழுவின் கைக்கு எட்டிய தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு நிறுவனம் சீவல் வெட்டித் தரவும் கருவியில் நேரம் ஒதுக்கவும் சம்மதித்திருந்தது. ஆனால் இழையத்தை இங்கேயே ரெசின் கட்டியாக்கிக் கொண்டுபோக வேண்டும். இழையத்தைக் கெடாமல் வைக்கும் நிலைப்படுத்தியான குளூட்டரல்டிகைட்டில் துண்டுகள் மிதக்கும் குப்பிகளைப் பயணப்பையில் வைத்துக் கொண்டுபோக முடியாது. அது ஆபத்தான திரவம், கப்பலிலும் விமானத்திலும் கேள்வி வரும். இறுகிய ரெசின் கட்டி வெறும் பிளாஸ்ரிக் துண்டு மாதிரி. ஒரு கடிதத்தோடு கையில் கொண்டுபோகலாம்.

இழையம் பதப்படுத்தும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. மாணவி, அவருடைய மேற்பார்வையாளர், ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வேலை செய்யும் ஒரு தொழில்நுட்பவியலாளர், நான் என நான்கு பேர்தான் இதில் சம்பந்தப்பட்டோம்.

மைக்ரோவேவ் ஏன் வந்தது

வழமையான முறையில் ஒரு தொகுதி இழையத்தைக் கட்டியாக்க நான்கு நாளாகும். குளூட்டரல்டிகைட்டில் சில மணி நேரம், ஒஸ்மியம் ரெட்ரொக்சைட்டில் ஒன்றிரண்டு மணி நேரம், எதனோலில் படிப்படியாக நீரகற்றல், பிறகு ரெசினும் கரைப்பானும் கலந்த கலவையில் ஓர் இரவு, தனி ரெசினில் இன்னோர் இரவு, கடைசியில் 60 பாகையில் 24 முதல் 48 மணி நேரம். இவ்வளவு நேரமும் நாங்கள் காத்திருப்பது ஒரே ஒரு விடயத்துக்காக. திரவம் இழையத்துக்குள் ஊறிப் போக வேண்டும். குளூட்டரல்டிகைட்டு ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குக்கூடப் போகாது. துண்டுகளை ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மைக்ரோவேவ் இந்த ஊறலை விரைவுபடுத்துகிறது. 2.45 கிகாஹேட்ஸ் அலை நீர் போன்ற முனைவுள்ள மூலக்கூறுகளை உலுக்கி, திரவத்தையும் இழையத்தையும் ஒரே நேரத்தில் உள்ளிருந்தே சூடாக்குகிறது. இழையத்தை நிலைப்படுத்த இதைப் பயன்படுத்தலாம் என்று மேயர்ஸ் என்ற ஆய்வாளர் 1970 இல் எழுதினார். அப்புறம் வந்த ஆய்வுகூட மைக்ரோவேவ்களில் நிலைப்படுத்தல் முதல் ரெசின் இறுகுவது வரை சில மணி நேரத்தில் முடிகிறது. வெப்பத்துக்கு அப்பால் அலைக்கே தனியான விளைவு ஒன்று உண்டா என்று இன்னும் வாதிடுவோர் இருக்கிறார்கள். எங்கள் வேலைக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. கட்டுப்படுத்த வேண்டியது வெப்பத்தை என்று வைத்துக்கொண்டோம்.

மாணவிக்கு அவசரம் இருந்தது. தமிழ்நாட்டில் கிடைத்த நேரத்துக்கும் மீன் பிடிக்கும் பருவத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு.

முதல் முயற்சி: அகார் உருக்கும் மைக்ரோவேவ்

ஆய்வுகூடத்தில் அகார் உருக்குவதற்கென்று ஒரு சாதாரண வீட்டு மைக்ரோவேவ் இருக்கிறது. மாணவி வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றின் செய்முறையை எடுத்து, 250 வாட்டில் 40 செக்கன் என்பதற்குச் சமமாக 800 வாட் மைக்ரோவேவை 30 சதவீதத்தில் வைத்தார். சந்தையில் வாங்கிய திலாப்பியாவின் பூ, இரண்டு குப்பிகள், ஒவ்வொன்றிலும் 3 மில்லிலீற்றர் நிலைப்படுத்தி.

வெளியே எடுத்தபோது ஒரு குப்பியில் பூ இழைகள் மென்மையாகப் பிரிந்து கிடந்தன. மற்றதில் வெளிறிப்போய், அவித்த இறால் மாதிரிச் சுருண்டு, ஊசியால் தொட்டதும் முறிந்தன. வெப்பமானியை விட்டுப் பார்த்தால் சுருண்ட குப்பி 60 பாகையைத் தாண்டியிருந்தது. மற்றது 35 ஐக்கூட எட்டவில்லை.

“சேர், நேரம் சரியாத்தான் வச்சனான். ரெண்டும் பக்கத்தில பக்கத்திலதான் இருந்தது,” என்றார் மாணவி.

விளக்கம் தொழில்நுட்பவியலாளரிடமிருந்து வந்தது. “தங்கச்சி, அகார் உருக்கேக்க ஒரு பக்கம் பொங்கி வழியும், மற்றப் பக்கம் கட்டியாக் கிடக்கும். அதாலதான் நான் இடையில எடுத்து எடுத்துக் கலக்கிறனான்.” இழையத் துண்டை அப்படி எடுத்துக் கலக்க முடியாது.

அவர் சொன்னதைக் கண்ணால் பார்ப்பது கடினமில்லை. கோபால்ற்றுக் குளோரைட்டுக் கரைசலில் வடிதாளை நனைத்து, சுழலும் தட்டைக் கழற்றிவிட்டு, மைக்ரோவேவின் தரையில் விரித்தோம். ஈரமாக இருக்கும்வரை தாள் இளஞ்சிவப்பு, காய்ந்தால் நீலம். உயர்தர இரசாயனம் படித்த எவருக்கும் தெரிந்ததுதான். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தியபோது தாளில் ஐந்தாறு நீலத் திட்டுகள் தெரிந்தன. அவற்றுக்கு இடையில் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். அலையின் நீளம் 12.2 சென்ரிமீற்றர், அதில் பாதி 6.1. அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று சேர்ந்து, அசையாத சூட்டுப் புள்ளிகளை உண்டாக்குகின்றன. ஒரு குப்பி நீலத் திட்டின் மேல் இருந்திருக்கிறது, அடுத்தது இளஞ்சிவப்பின் மேல்.

இரண்டாவது பிரச்சினை அந்த 30 சதவீதம். இந்த வகை மைக்ரோவேவ் 30 சதவீதத்தில் தன் வலுவைக் குறைத்துக்கொள்வதில்லை. முழு 800 வாட்டில் சில செக்கன் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். எங்கள் கருவியில் ஒரு சுற்று 30 செக்கன், அதில் முதல் 9 செக்கன் முழு வலு. 40 செக்கன் வைத்தால் அந்த 9 செக்கன் இரண்டு தரம் வந்துவிடும். 240 வாட் 40 செக்கன் ஓடினால் 9600 யூல். இங்கே வெளிவந்தது 14400 யூல், ஒன்றரை மடங்கு. அதுவும் இரண்டு அடியாக.

எடுத்த முடிவு: வீட்டு மைக்ரோவேவை இந்த வேலையிலிருந்து முழுதாக விலக்குவது. சூட்டுப் புள்ளி தெரிந்தால் குப்பியை வேறிடத்தில் வைக்கலாமே என்று மேற்பார்வையாளர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளே வைக்கும் பாத்திரமும் நீரின் அளவும் மாறினால் புள்ளிகளும் இடம் மாறும். அதைவிடப் பெரிய காரணம், அதில் காற்றை வெளியே இழுக்கும் வழி இல்லை. எதனோல் ஆவி நிரம்பிய பெட்டிக்குள் ஒரு பொறி பறந்தால் தீதான்.

இரவல் கருவி

இழையவியல் வேலைக்கென்று வேறோர் ஆய்வுகூடத்தில் வாங்கி வைத்திருந்த ஆய்வுகூட மைக்ரோவேவ் சில வாரங்களுக்கு இரவல் கிடைத்தது. வலுவைத் தொடர்ச்சியாகக் குறைக்கலாம், வெப்ப உணரி உண்டு, ஆவியை வெளியே இழுக்கும் குழாய் உண்டு. வெற்றிட அறை மட்டும் இல்லை. அந்த ஒரு குறை பின்னால் எங்கள் நேரக் கணக்கையே மாற்றியது.

கருவி சொல்லும் வாட் உண்மையில் வருகிறதா என்று முதலில் பார்த்தோம். 1 லீற்றர் நீரை 2 நிமிடம் சூடாக்கி, ஏறிய பாகையை 35 ஆல் பெருக்கினால் நீருக்குள் போன வலு வாட்டில் கிடைக்கும். எந்த ஆய்வுகூடமும் இதை மாதம் ஒரு முறை செய்யலாம், செலவே இல்லை. கோபால்ற்றுத் தாளையும் மறுபடி விரித்தோம். ஒரு மூலையில் ஒரு முகவை நீரை வைத்துவிட்டால் மிச்ச அலையை அது வாங்கிக்கொள்கிறது, நடுவில் கையகல இடம் சீராக இருக்கிறது என்று தெரிந்தது. குப்பிகளை அந்த இடத்தில், குளிர்நீர் ஊற்றிய ஆழமில்லாத தட்டில் வைத்தோம். வெப்ப உணரியை இழையம் இல்லாத ஒரு குப்பிக்குள், அதே அளவு அதே திரவத்தில் விட்டோம். நிலைப்படுத்தலுக்கு உச்சவரம்பு 37 பாகை, நீரகற்றலுக்கு 45.

அடுத்தது எந்தப் படியை மைக்ரோவேவில் செய்வது, எதை விடுவது என்ற தீர்மானம். கருவி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதற்குள் தள்ள வேண்டியதில்லை.

ஒஸ்மியத்தை மேசையிலேயே, ஃபியூம் கப்போர்டுக்குள், ஒரு மணி நேரம் வைத்தோம். ஒஸ்மியம் ரெட்ரொக்சைட் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். இழையத்தின் கொழுப்பைப் பிடித்துக் கறுப்பாக்குவதுபோல கண்ணின் மேற்பரப்பையும் அது பிடிக்கும். சூடாக்கினால் ஆவி இன்னும் கூடும். இரவல் கருவியின் ஆவிக்குழாய் எவ்வளவு நம்பகமானது என்று சோதிக்கும் வசதி எங்களிடம் இல்லாதபோது, ஒரு மணி நேர மிச்சத்துக்காக யாருடைய கண்ணையும் பணயம் வைக்க நான் சம்மதிக்கவில்லை. மிஞ்சிய கரைசலை அளவில் இரண்டு மடங்கு சோள எண்ணெயில் ஊற்றி, கறுக்கும்வரை மூடி வைத்தோம்.

எதனோலுக்கும் ரெசினுக்கும் இடையில் வழமையாகப் பயன்படும் கரைப்பானான புரொப்பிலீன் ஒட்சைட்டைத் தூக்கிவிட்டோம். அது 34 பாகையில் கொதிக்கும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் போத்தல் மூடியைத் திறக்கவே யோசிக்க வேண்டும், மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பதிலாக அசற்றோன், அதுவும் மேசையில்.

எதனோல் படிகள் மைக்ரோவேவுக்குள் போயின. 50, 70, 90 சதவீதம், பிறகு இரண்டு தரம் 100, ஒவ்வொன்றும் 250 வாட்டில் 40 செக்கன். மேசையில் ஒன்றரை மணி நேரம் எடுக்கும் வேலை கால் மணி நேரத்துக்குள் முடிந்தது.

ரெசின் படியில்தான் வெற்றிட அறை இல்லாத குறை தெரிந்தது. வெற்றிடம் இருந்தால் சில நிமிடங்களில் ரெசின் உள்ளே போய்விடும். எங்கள் பயிற்சித் தொகுதியை இறுகவைத்து, சவர அலகால் முகத்தைச் சீவிப் பார்த்தபோது, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, பூ இழையின் நடுவில் ஊசிமுனை அளவு குழி. அழுத்தினால் உள்வாங்கியது. அங்கே ரெசின் போய்ச் சேரவில்லை. எனவே ரெசினும் கரைப்பானும் கலந்த 1:1 கலவையை மட்டும் மைக்ரோவேவில் செய்துவிட்டு, தனி ரெசினில் ஓர் இரவு முழுக்க மெதுவாகச் சுழலவிட்டோம். இறுகவைப்பது வழக்கமான அடுப்பில், 60 பாகையில்.

இப்படிச் செய்தால் நான்கு நாள் வேலை மூன்று நாளாகிறது. மாணவிக்கு ஏமாற்றம்தான். “நாலு மணித்தியாலத்தில முடியும் எண்டு போட்டிருந்தாங்கள், சேர்.” வெற்றிட அறையும் நம்பகமான ஆவிக்குழாயும் உள்ள இடத்தில் முடியும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு நாள், அந்த ஒரு நாள் உண்மையானது.

படங்கள் வந்தபோது

வெயில் காலத்துத் தொகுதிக்கு மீன் தொண்டைமானாற்றில் காலையில் பிடிக்கப்பட்டது. உயிரோடு வாளியில் கொண்டுவர முயன்று, வல்லை வெளி தாண்டும் முன்னமே சில செத்துப்போக, தலைகளை வெட்டி ஐஸில் வைத்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிடித்ததற்கும் பூ நிலைப்படுத்தியில் விழுந்ததற்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

இந்தத் தொகுதியில் ஒரு விடயத்தைக் கட்டாயமாக்கினோம். ஒவ்வொரு மீனின் பூவிலும் பாதி மைக்ரோவேவ் வழியில், பாதி முற்றிலும் மேசை வழியில் போக வேண்டும். கட்டிகளுக்கு எண் மட்டும். எந்த எண் எந்த வழி என்ற பட்டியல் தொழில்நுட்பவியலாளரின் மேசை இழுப்பறையில்.

கட்டிகள் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலில் போயின. முதல் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபோது எல்லோர் முகமும் வாடிவிட்டது. குளோரைட்டுக் கலங்கள் இருந்தன, ஆனால் இழைமணிகள் ஊதி உருண்டிருந்தன. உள்மடிப்புகள் ஓரத்தில் சில கீற்றுகளாக ஒதுங்கி, நடுவெல்லாம் வெறும் வெளி. மேற்பார்வையாளர் உடனே சொன்னார்: “இது மைக்ரோவேவ் செய்த வேலை. பழைய முறைக்கே போவம்.”

பட்டியலை எடுத்துப் பார்க்கும்வரை முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பார்த்தபோது, மேசை வழிக் கட்டிகளின் இழைமணிகளும் அதே அளவு ஊதியிருந்தன. ஒரே மீனின் இரண்டு பாதிகளுக்கு இடையில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கேடு இரண்டு வழிகளும் பிரிவதற்கு முன்னமே நடந்திருக்கிறது. மேசைப் பாதி இல்லாதிருந்தால் மைக்ரோவேவைக் கைவிட்டு, அடுத்த பருவத்திலும் அதே ஊதிய இழைமணிகளைத்தான் பார்த்திருப்போம்.

சந்தேகம் இரண்டின் மேல் விழுந்தது. முதலாவது, அந்த ஒரு மணி நேரத் தாமதம். பூ என்பது நீரோடு ஓயாமல் உப்பைப் பரிமாறும் இழையம். குருதியோட்டம் நின்ற உடனே சக்தி தீர்ந்து, அயன்களைத் தள்ளும் பம்பிகள் ஓய்ந்து, கலங்கள் ஊதத் தொடங்கும். ஐஸ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இரண்டாவது, நிலைப்படுத்தியைக் கலக்கும் தாங்கற் கரைசல். நாங்கள் பயன்படுத்தியது 0.1 மோலர் பொஸ்பேற்று. அதன் சவ்வூடுபரவற் செறிவு ஏறத்தாழ 230 மில்லிஒஸ்மோல். மீனின் குருதியோ 300 க்கு மேல். ஐதான கரைசலில் கலம் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எடுத்த முடிவு: இரண்டையும் ஒரேயடியாக மாற்றுவது. இரண்டில் எது பெரிய காரணம் என்று இதனால் பிரித்தறிய முடியாமல் போகும் என்பது தெரிந்துதான் இதைச் செய்தோம். வெயில் காலம் முடிய அதிக நாள் இல்லை. மாரி தொடங்கிவிட்டால் அந்த உவர்ப்பு அடுத்த வருடம்தான் வரும். மாணவியின் ஆய்வு நிலைக்க வேண்டுமென்றால் நல்ல இழையம் வேண்டும், காரணத்தைப் பிரிப்பது இன்னொருவர் செய்யக்கூடிய தனி வேலை.

ஏரிக்கரையில்

இரண்டாம் தரம் ஆய்வுகூடமே ஏரிக்கரைக்குப் போனது. ஒரு மடக்கு மேசை, ஐஸ் பெட்டி, குப்பிகள். நிலைப்படுத்தியை முந்தின இரவே தயாரித்தோம்: 2.5 சதவீதக் குளூட்டரல்டிகைட்டு, அதே பொஸ்பேற்று, கூடவே 3.4 சதவீதச் சுக்குரோசு. அந்தச் சீனி தாங்கலின் செறிவை மீனின் குருதிக்குக் கிட்டக் கொண்டுவருகிறது. கழுவும் கரைசலிலும் அதே சீனி.

வலையிலிருந்து எடுத்த மீனை ஏரி நீரிலேயே கராம்பு எண்ணெய் கலந்து மயக்கினார்கள். பிறகு மாணவி பூமூடியைத் தூக்கி, இரண்டாவது பூவில்லை வெட்டி, மெழுகுத் தட்டில் ஒரு துளி நிலைப்படுத்திக்குள் வைத்து, புதிய சவர அலகால் இழைகளைத் துண்டாக்கினார். அலகை இழுத்து வெட்ட வேண்டும், அழுத்தி வெட்டினால் தகடுகள் நசிந்துவிடும். வெட்டும் கணத்திலேயே இழையம் நிலைப்படுத்திக்குள் இருக்கிறது. மீனிலிருந்து குப்பிக்கு ஒரு நிமிடத்துக்குள் போயிற்று. சிவப்புப் பூ குப்பிக்குள் மெல்லப் பழுப்பாவதை வலைகாரர் ஒருவர் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வுகூடத்துக்கு வந்ததும் புதிய நிலைப்படுத்தியில் 150 வாட்டில் 40 செக்கன், இடைவெளி விட்டு மறுபடி 40 செக்கன். உணரி 34 பாகைக்கு மேல் காட்டவில்லை. மிச்சமெல்லாம் முன்பு தீர்மானித்தபடி. மேசைப் பாதியும் கூடவே போனது.

நடந்தது

இம்முறை படங்களில் இழைமணிகள் நீண்டு, மடிப்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. அவற்றுக்கிடையே ஓடும் நுண்குழாய் வலையும், கலம் வெளியே திறக்கும் சிறு பள்ளமும் தெளிவாக இருந்தன. எண் மறைத்த படங்களை மேற்பார்வையாளர் முன் வைத்து, எது மைக்ரோவேவ், எது மேசை என்று பிரிக்கச் சொன்னோம். அவரால் பிரிக்க முடியவில்லை. மைக்ரோவேவ் படம் மேலானது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு நாள் குறைவாக எடுத்தும் தரம் குறையவில்லை என்பதே எங்களுக்குத் தேவையாக இருந்தது.

மழைக்குப் பிந்திய தொகுதி தை மாதத்தில் எடுக்கப்பட்டது. அதில் சில கட்டிகள் நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மென்மையாக இருந்தன. திறந்து பலநாளான 100 சதவீத எதனோல் போத்தல் மாரிகாலக் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கியிருந்தது. நீர் எஞ்சியிருந்தால் எப்பொக்சி ரெசின் சரியாக இறுகாது.  புதிய போத்தலோடு மிஞ்சிய இழையத்தைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் கட்டிகள் பலாலியிலிருந்து விமானத்தில் போயின, கடல் கொந்தளிப்பால் அப்போது கப்பல் ஓடவில்லை.

மாற்ற வேண்டியவை

தாமதம், தாங்கலின் செறிவு ஆகிய இரண்டில் எது எவ்வளவு கெடுத்தது என்பதை அடுத்த வெயில் காலத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே மீனின் பூவில்லுகளை நான்காகப் பிரித்தால் போதும்: உடனடியாகச் சீனியோடு, உடனடியாகச் சீனியில்லாமல், தாமதித்துச் சீனியோடு, தாமதித்துச் சீனியில்லாமல். செலவு அதிகமில்லை, தமிழ்நாட்டில் கருவி நேரம்தான் கூடுதலாக வேண்டும்.

மைக்ரோவேவ் வாங்க நினைக்கும் ஆய்வுகூடத்துக்கு என் பரிந்துரை: பணம் போதாவிட்டால் வாட்டைக் குறைத்து வாங்குங்கள், வெற்றிட அறையை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு ஓர் இரவைத் தின்றது அது இல்லாமைதான். நூறு சதவீத எதனோலைச் சிறு போத்தல்களாக வாங்கி, ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடை மணிகள் போட்டு, திறந்த திகதியை எழுதி வைக்கிறோம் இப்போது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தொடங்கிய வெப்பநிலையும் எட்டிய உச்சமும் குறிப்பேட்டில் ஏறுகின்றன. 22 பாகையில் தொடங்கிய குப்பியும் 30 பாகையில் தொடங்கிய குப்பியும் அதே 40 செக்கனில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதில்லை, ஆகவே “40 செக்கன்” என்று மட்டும் எழுதிய குறிப்பை வைத்து இன்னொருவர் இதைத் திரும்பச் செய்ய முடியாது.

மேசைப் பாதியை நிறுத்தலாமா என்று மாணவி கேட்டார். ஒஸ்மியம் விலையை நினைத்தால் கேட்டதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் முதல் தொகுதிக்கு மட்டுமாவது அதை வைத்திருப்பது என்று தீர்மானித்திருக்கிறோம்.